மருத்துவக் கல்வி: இரு வழிகளும் நம் பிள்ளைகளும்

(கழகத்தின் வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கழகம் தோன்றி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவுற்ற இந்நன்னாளில் பாராட்டுரைகள் பல நிகழ்ந்துவிட்டன. நமக்கு அளிக்கப்பட்ட தலைப்போ சற்றுக் கடினமானது. மருத்துவம் பயில விரும்பும் நம் பிள்ளைக்கு இங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இடம் கிட்டவில்லை. அந்நிலையில் வெளிநாடு சென்று அப்பட்டத்தைப் பெறுவது தக்கதா? அன்றி உள்நாட்டிலேயே சித்த மருத்துவம், ஓமியோபதி போன்ற துறையொன்றில் சேர்வது தக்கதா? நீட் தேர்வின் முடிவு வெளியாகும் நாள் தொடங்கிக் கலந்தாய்வு முடியும் வரையில், தலைமையாசிரியர் அறைக்கு வரும் பெற்றோர் பலரும் கேட்கும் கேள்வி இதுவே. இதற்கு ஒரு சொல்லில் விடையளிப்பவரை நம்ப வேண்டாம் என்பதையே முதலில் கூறிக்கொள்கிறோம். ஆயினும் விடை காணும் முறை ஒன்று உண்டு. அதனை எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

வாயில் மாறிய வரலாறு

இக்கழகம் தோன்றிய நாளில் மாநில அரசு நடத்திய பொது நுழைவுத் தேர்வு இருந்தது. 2007இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் அது நீங்கி, மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. பின்னர் 2017 முதல் தமிழ்நாட்டிலும் நீட் தேர்வு புகுந்தது. மேல்நிலைத் தேர்வில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றும் அவ்வாண்டு மருத்துவ இடம் கிட்டாமல் உயிர் நீத்த அரியலூர் மாவட்டத்து மாணவி அனிதாவை நம் மக்கள் மறக்கவியலாது. 2020இல் இயற்றப்பட்ட சட்டம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கியது. மூடிய கதவில் ஒரு சிறு சாளரம் திறந்தது எனலாம்.

இங்கு ஒரு சொல்லின் பொருளை நாம் தெளிவாக உணர வேண்டும். அச்சொல் 'தகுதி' என்பது. 2025ஆம் ஆண்டு நாடு முழுவதும் 22 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நீட் தேர்வை எழுதினர். அவர்களுள் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெற்றனர். ஆனால் இந்தியாவிலுள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ, அரசுக் கல்லூரி, தனியார் கல்லூரி அனைத்தையும் சேர்த்தே ஏறத்தாழ 1 லட்சத்து 20 ஆயிரம். ஆகவே தகுதி பெற்றவருள் பத்தில் ஒருவருக்கே இடம். எஞ்சிய ஒன்பது பேரின் கையில் இருப்பது 'தகுதி' என்னும் சொல் மட்டுமே.

2018 முதல் வெளிநாட்டில் மருத்துவம் பயிலச் செல்வோரும் நீட் தேர்வில் தகுதி பெற்றிருத்தல் வேண்டும் என்பது விதி. இவ்விதியைத்தான் முகவர்கள் தலைகீழாக்கிக் காட்டுகின்றனர். "உங்கள் மகன் தகுதி பெற்றுவிட்டான், அரசே டாக்டர் ஆகலாம் என்று சொல்லிவிட்டது, பணம் கட்டுவதுதான் பாக்கி" என்கின்றனர். கட்டட வேலைக்குச் செல்லும் தந்தை, வழவழப்பான தாளில் அச்சிட்ட விளம்பரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து நிற்கிறார். அத்தாளில் பனி படர்ந்த கட்டடம் இருக்கிறது. வெள்ளை அங்கி அணிந்த மாணவர் சிரிக்கின்றனர். திரும்பி வந்தபின் எழுத வேண்டிய தேர்வைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அமெரிக்க நாட்டில் இதே கேள்வி

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. செல்வம் மிகுந்த அமெரிக்காவிலும் எம்.டி. பட்டம் தரும் கல்லூரியில் இடம் பெறாத மாணவர் இதே சந்தியில் நிற்கின்றனர். ஒரு வழி, கரீபியத் தீவுகளிலுள்ள கல்லூரிகளுக்குச் செல்வது. மற்றொரு வழி, உள்நாட்டிலேயே ஆஸ்டியோபதி கல்லூரியில் சேர்வது.

ஆஸ்டியோபதி என்பது ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்னும் மருத்துவர் 1874இல் அறிவித்த முறை. எலும்பு, தசை ஆகியவற்றைக் கைகளால் இயக்கிச் சீர்செய்தலை அது முதன்மையாகக் கொண்டது. 1892இல் மிசௌரி மாநிலத்துக் கர்க்ஸ்வில் என்னும் சிற்றூரில் அவர் தொடங்கிய கல்லூரி, முதல் வகுப்பிலேயே பெண்களையும் சேர்த்துக்கொண்டது. நெடுங்காலம் அப்பட்டம் பெற்றோரைப் பிற மருத்துவர்கள் போலி மருத்துவர் என்றே இகழ்ந்தனர். அவர்களோ இகழ்ச்சிக்கு இகழ்ச்சி கூறிக்கொண்டிராமல், பாடத்திட்டத்தில் மருந்தியலையும் அறுவை மருத்துவத்தையும் முழுமையாகச் சேர்த்தனர். மாநிலம் மாநிலமாகச் சட்டமன்றத்தை அணுகி உரிமம் கேட்டனர். இன்று ஐம்பது மாநிலங்களிலும் அவர்களுக்கு முழு மருத்துவ உரிமம் உண்டு. 2020இல் இரு சாராருக்குமான மேற்பயிற்சி முறையும் ஒன்றாக இணைக்கப்பட்டுவிட்டது.

தீவுக் கல்லூரிகளிலிருந்தும் நல்ல மருத்துவர் பலர் தோன்றியுள்ளனர். அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவ்வழியின் இடர் ஒன்றை 1983ஆம் ஆண்டு உலகம் கண்டது. கிரெனடாத் தீவில் ஆட்சிக் குழப்பம் நேர்ந்து அமெரிக்கப் படை அங்கு இறங்கியபோது, அங்கு மருத்துவம் பயின்ற ஏறத்தாழ 600 அமெரிக்க மாணவரின் பாதுகாப்பே அதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. படிக்கச் சென்ற பிள்ளைகளைப் படை அனுப்பி மீட்கும் நிலை!

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் யாது? ஒரு பட்டத்தின் மதிப்பு ஊரார் வாயில் இல்லை. உரிமச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அமெரிக்க ஆஸ்டியோபதி மருத்துவர்க்குக் கிடைத்த முழு உரிமம் நம் நாட்டுச் சித்த மருத்துவர்க்கோ ஓமியோபதி மருத்துவர்க்கோ இல்லை. ஆகவே அந்நாட்டு விடையை அப்படியே இங்குக் கொண்டுவந்து நடுதல் பொருந்தாது. கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம்: படிப்பின் முடிவில் நம் பிள்ளையின் கையில் இருக்கப்போகும் உரிமம் எது?

கடல் கடக்கும் வழி

முதலில் வெளிநாட்டு வழியைக் காண்போம். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர் 18ஆம் நாள் வெளியிட்ட விதிகள் இவ்வழிக்கு எல்லைக் கற்களாக உள்ளன. அந்நாளுக்குப் பின்னர்ச் சேர்ந்தவர்களை அவை கட்டுப்படுத்தும். படிப்பு 54 மாதங்களுக்குக் குறையலாகாது. அதன்மேல் அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி வேண்டும். பயிற்றுமொழி ஆங்கிலமாக இருத்தல் வேண்டும். அந்நாட்டுக் குடிமகனுக்கு இணையாக அங்கு மருத்துவத் தொழில் புரியும் உரிமம் அப்பட்டத்துக்கு இருத்தல் வேண்டும். இந்தியா திரும்பியபின் மேலும் 12 மாதப் பயிற்சி உண்டு. அனைத்தையும் சேர்ந்த நாளிலிருந்து பத்தாண்டுகளுக்குள் முடித்தாக வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் பட்டம் இங்குச் செல்லாது. முகவர் காட்டும் கல்லூரி இவையனைத்தையும் நிறைவு செய்கிறதா என்பதை எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். எழுத்தில் தரத் தயங்குபவரிடம் பணத்தைத் தராதீர்கள்.

அடுத்து, தேர்வு. வெளிநாட்டில் படித்துத் திரும்புவோர்க்கு 2002 முதல் ஒரு தகுதித் தேர்வு நடைபெற்று வருகிறது. எஃப்.எம்.ஜி.இ. என்று அதனைச் சுருக்கமாக வழங்குவர். ஆண்டுக்கு இருமுறை நடைபெறும்; 300 வினாக்கள்; 150 மதிப்பெண் பெற்றால் வெற்றி. பாதி மதிப்பெண்தானே என்று எண்ணத் தோன்றும். ஆனால் 2024 ஜூன் பருவத் தேர்வில் வெற்றி பெற்றோர் நூற்றுக்கு 21 பேர் மட்டுமே. 2025 ஜூன் பருவத்தில் அது நூற்றுக்கு 19க்கும் கீழே இறங்கியது. தோற்றவர்கள் மீண்டும் மீண்டும் எழுதுவதாலும் இவ்விழுக்காடு தாழ்ந்து தெரிகிறது என்பது உண்மையே. நாட்டுக்கு நாடு, கல்லூரிக்குக் கல்லூரி வேறுபாடும் உண்டு. இருப்பினும், ஒரு முறை எழுதுவோருள் ஐவரில் நால்வர் தோற்கும் தேர்வு ஒன்று ஆறாண்டுகளின் முடிவில் காத்திருக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே அறிந்திருக்க வேண்டும். அதில் வெல்லும்வரை, வெளிநாட்டில் டாக்டரானவர் தம் சொந்த ஊரில் ஒரு மாத்திரைச் சீட்டு எழுதவும் உரிமையற்றவரே.

மூன்றாவது, பணம். நாட்டையும் கல்லூரியையும் பொறுத்து, ஆறாண்டுகளுக்கு 20 லட்சம் முதல் 40 லட்சம் ரூபாய் வரை செலவாகும். தகுதித் தேர்வுக்கான பயிற்சி நிலையக் கட்டணம் இதில் சேராது. வங்கிக் கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணையம் கேட்கின்றன. நம் மக்களிடம் சொத்து என்று இருப்பது யாது? குடியிருக்கும் மனை, சிலரிடம் ஓர் ஏக்கரோ அரை ஏக்கரோ நிலம். அந்நிலம் எவ்வாறு வந்தது? செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையின் பயனாக, 1892இல் அரசு ஆணை பிறந்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்கப்பட்டது. அதுவே பஞ்சமி நிலம். பிற வகுப்பாருக்கு அதனை விற்கலாகாது என்னும் நிபந்தனையோடு வழங்கப்பட்டும், அந்நிலங்களுள் பெரும்பகுதி நம் கையை விட்டுப் போய்விட்டது. எஞ்சியிருப்பதையும் ஒரு விளம்பரத் தாளை நம்பி ஈடு வைப்போமாயின், நூறாண்டுக்கு முன் கிடைத்ததை ஒரே கையெழுத்தில் இழப்போம்.

நான்காவதாக நாம் கூறவிருப்பதே நம் கருத்தில் தலையாயது. இடஒதுக்கீடு, கல்வி உதவித்தொகை, கட்டணச் சலுகை, அரசு நல விடுதி ஆகிய அனைத்தும் நம் முன்னோர் போராடிப் பெற்ற உரிமைகள். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர்க்கு, அருந்ததியர் உள்ஒதுக்கீடு 3 விழுக்காடு உட்பட, 18 விழுக்காடு இடங்கள் சட்டப்படி உள்ளன. இவ்வுரிமைகளுள் ஒன்றும் கடல் கடந்து நம் பிள்ளையோடு செல்வதில்லை. விமானம் ஏறிய நொடியில் அவன் உரிமை பெற்ற குடிமகன் என்னும் நிலையிலிருந்து கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளன் என்னும் நிலைக்கு மாறுகிறான். மத்திய, மாநில அரசுகளின் அயல்நாட்டுக் கல்வி உதவித் திட்டங்கள் உண்டே என்பீர்கள். அவை முதுநிலைப் பட்டத்துக்கும் ஆராய்ச்சிக்கும் உரியவை. மருத்துவ இளநிலைப் பட்டத்துக்கு அவற்றை எதிர்பார்க்கலாகாது.

போரும் நோயும் தந்த படிப்பினையையும் மறவாதீர்கள். 2020இல் கொரோனாத் தொற்றால் சீனாவிலிருந்து திரும்பிய மாணவர்கள், இரண்டாண்டுகளுக்கு மேலாக அந்நாட்டுக்குள் நுழைய இயலாமல் வீட்டிலிருந்தே கணினித் திரையில் மருத்துவம் பயின்றனர். 2022 பிப்ரவரி 24ஆம் நாள் உக்ரைன் போர் மூண்டபோது, ஆயிரக்கணக்கான நம் நாட்டு மாணவர் நிலவறைகளில் ஒளிந்திருந்து, எல்லை வரை நடந்து, ஊர் திரும்பினர். அவர்களுள் நம் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவரும் உண்டு. அப்போது அவர் நான்காம் ஆண்டு. பின்னர் வேறொரு நாட்டுக்கு மாறிப் படிப்பை முடித்தார். இரு கட்டணம், இரு பயணம். ஓர் ஏக்கர் நிலம் போயிற்று. தகுதித் தேர்வை இருமுறை எழுதியும் வெற்றி கிட்டவில்லை. மூன்றாம் முறைக்காக இரவு பகலாகப் படித்துவருகிறார். அவர் அறிவில் குறைந்தவர் அல்லர். வகுப்பில் கணக்கும் அறிவியலும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவரை அனுப்பிய முகவர் இப்பொழுது தொலைபேசியை எடுப்பதில்லை.

இத்தனையும் கூறியபின், இவ்வழியின் ஒரு பெருமையையும் கூறாதிருத்தல் நேர்மையாகாது. வெளிநாட்டில் பயின்று வந்த நம் பிள்ளைகள் சிலர் நம்மிடம் தவறாமல் கூறும் ஒரு செய்தி உண்டு. "ஐயா, அங்கே ஆறு வருஷமும் உள்ளூர்க்காரன் ஒருத்தன்கூட நான் எந்தத் தெரு என்று கேட்கவில்லை." இச்சொல்லின் எடையை இம்மண்டபத்தில் இருப்போர் அறிவர். 1913இல் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பெற்ற காற்றும் அதுவே. ஆனால் அண்ணல் எவ்வாறு சென்றார் என்பதையும் கருதுக. பரோடா அரசர் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை வழங்கினார். திரும்பி வந்து அவ்வரசில் பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதப்பட்டது. 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தபோது, லண்டன் படிப்பை இடையில் நிறுத்தித் திரும்பினார். பேராசிரியராகப் பணியாற்றிப் பணம் சேர்த்து, 1920இல் மீண்டும் சென்று முடித்தார். கணக்குத் தெரிந்து சென்றார். கணக்குத் தெரிந்தே திரும்பினார். வெளிநாடு செல்வது பிழையன்று. கணக்கின்றிச் செல்வதே பிழை.

உள்நாட்டு வழி

இனி மற்றொரு வழியைக் காண்போம். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இயங்கி வருகிறது. இளநிலைப் பட்ட இடங்கள் 100. சென்னை அரும்பாக்கத்திலுள்ள அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1985இல் தோன்றியது, இடங்கள் 60. திருமங்கலத்தில் அரசு ஓமியோபதிக் கல்லூரியும், நாகர்கோவில் கோட்டாற்றில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியும், சென்னையில் அரசு யுனானிக் கல்லூரியும் உள்ளன. இவற்றுக்கும் நீட் தகுதி வேண்டும். பி.எஸ்.எம்.எஸ். படிப்பு நான்கரை ஆண்டும், அதன்மேல் ஓராண்டுப் பயிற்சியும் கொண்டது. உடற்கூறு, உடலியங்கியல், நோய்க்குறியியல் ஆகிய பாடங்களோடு, தமிழ் மூலநூல்களையும் கற்றாக வேண்டும். தமிழ் வழியில் பயின்ற நம் பிள்ளைக்கு அது சுமையன்று, கைவந்த பொருள்.

69 விழுக்காடு இடஒதுக்கீடும், 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் இப்படிப்புகளுக்கும் பொருந்தும். உள்ஒதுக்கீட்டில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு மேற்படாதோர்க்கு மேற்படிப்பு உதவித்தொகையும் உண்டு. ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எம்.பி.பி.எஸ். படிப்புக்கு அளித்த விண்ணப்பம் இவற்றுக்குச் செல்லாது. இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறைக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். இதனை அறியாமல் நாள் தவறவிட்டோர் பலர்.

இவ்வழியின் குறைகளையும் ஒளிக்காமல் கூறுவோம். சித்த மருத்துவப் பட்டதாரி அறுவை மருத்துவ வல்லுநராகவோ இதய நோய் வல்லுநராகவோ ஆகவியலாது. முதுநிலைப் படிப்பு உண்டு. தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் எம்.டி. பயிலலாம். ஆனால் அதுவும் சித்த மருத்துவத்துக்குள்ளேயே. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவப் பிரிவுகள் உள்ளன. ஆயினும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிக்கும் பணியிடங்கள் சிலவே, காத்திருப்போர் பலர். தனியே தொழில் தொடங்கினால், முதற் சில ஆண்டுகள் வருவாய் குறைவாகவே இருக்கும்.

"பட்டம் எதுவானால் என்ன, ஊரில் ஊசி போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம்" என்று அறிவுரை கூறுவோரும் உளர். அவ்வறிவுரை நஞ்சு. ஓமியோபதி பயின்றவர் ஆங்கில மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், பயிலாத முறையில் மருத்துவம் செய்ததே கவனக்குறைவுதான் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. சித்த மருத்துவம் பயின்றால் சித்த மருத்துவராகவே வாழும் மனம் வேண்டும். அம்மனம் இல்லாதவரை அங்கு அனுப்புதல் பிள்ளைக்கும் கேடு, நோயாளிக்கும் கேடு.

இரண்டாம் இடமா?

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். எழ வேண்டும். "உயர்ந்த படிப்பு பிறர்க்கு, எஞ்சியது நமக்கா? காலங்காலமாக இருப்பதைக் கொண்டு அமைதி கொள் என்றுதானே நமக்குக் கூறினார்கள்? நீங்களும் அதையே கூறுகிறீர்களா?"

இல்லை என்று அழுத்தமாகக் கூறுகிறோம். எம்.பி.பி.எஸ். இடம் நம் பிள்ளைகளின் உரிமை. அதற்கான போராட்டத்தை ஒரு நாளும் கைவிடலாகாது. சித்த மருத்துவத்தை ஆறுதற் பரிசாக நம்மீது சுமத்தினால் அதனை ஏற்க வேண்டுவதில்லை. ஆனால் அது நம்முடையதன்று என்று எண்ணினால், நம் வரலாற்றை நாமே அறியாதவராவோம்.

அயோத்திதாசப் பண்டிதர் யார்? 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கியவர். சாதியை வேரோடு கேள்வி கேட்டவர். பௌத்த நெறியை நம் மக்களுக்கு மீட்டுத் தந்தவர். இவையனைத்தையும் நாம் மேடைதோறும் பேசுகிறோம். அவருடைய தொழில் சித்த மருத்துவம் என்பதை மட்டும் பேச மறக்கிறோம். தாம்பரத்துத் தேசிய நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தீட்டு என்று ஒதுக்கப்பட்ட குடியில் பிறந்தவர், நாடி பிடித்துப் பார்க்கும் கையைக் கொண்டிருந்தார். இதனினும் பெரிய மறுப்புரை சாதிக்கு உண்டோ?

நம் பள்ளியில் பயின்ற பெண்ணொருத்தி 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சித்த மருத்துவத்தில் சேர்ந்தாள். முதலாண்டு முழுவதும் உறவினரிடம் அதனைக் கூறக் கூசினாள். "டாக்டருக்குப் படிக்கிறாயா, நாட்டு மருந்துக்குப் படிக்கிறாயா?" என்று திருமண வீட்டில் ஒருவர் கேட்டாராம். இப்பொழுது பயிற்சி மருத்துவராக இருக்கிறாள். சென்ற திங்களில் பள்ளிக்கு வந்திருந்தபோது, மூட்டு வாதத்துக்கு வரும் முதிய உழைப்பாளிகளைப் பற்றி ஒரு மணி நேரம் நம்மிடம் பேசினாள். வேலை கிடைக்குமா என்னும் கவலை அவளுக்கும் உண்டு, அதனை மறைக்கவில்லை. ஆனால் வீட்டின் மீது கடன் இல்லை. அவள் தம்பியின் படிப்பு நிற்கவில்லை. அவள் கையில் வரப்போகும் உரிமம், இம்மண்ணின் சட்டப்படி, வேறொரு நுழைவாயிலில் நின்று காத்திராமல் நேரே வரும்.

தேர்ந்துகொள்ளும் முறை

ஆகவே பெற்றோர்களே, மாணவர்களே, வழி தேரும் முன் ஐந்து கேள்விகளைத் தாளில் எழுதி விடை காணுங்கள்.

முதலாவது: பிள்ளை விரும்புவது மருத்துவப் பணியையா, 'டாக்டர்' என்னும் முன்னெழுத்தையா? முன்னெழுத்தை விரும்புவது தந்தையாயின், பிள்ளையைத் தனியே அழைத்துக் கேளுங்கள்.

இரண்டாவது: முடிவில் கிட்டும் உரிமம் எது? அதனைப் பெறப் பட்டத்தின்மேல் இன்னும் எத்தனை தேர்வு?

மூன்றாவது: முயற்சி தோற்றால் இழப்பை ஏற்பவர் யார்? அக்குடும்பம் அவ்விழப்பைத் தாங்குமா? வீட்டை விற்றுத்தான் செல்ல முடியும் என்றால் செல்லலாகாது என்பதே நம் முடிந்த கருத்து. நிலையான வருவாயும், பிள்ளையிடத்தில் உறுதியான அடிப்படைக் கல்வியும், விதிகளை நிறைவு செய்யும் கல்லூரியும், தகுதித் தேர்வுக்கு முதலாண்டிலிருந்தே படிக்கும் மன உரமும் ஒருங்கே அமைந்தால், தாராளமாகச் செல்லட்டும், வாழ்த்தி அனுப்புவோம்.

நான்காவது: நீட் தேர்வை இன்னுமோர் ஆண்டு எழுதிப் பார்க்கும் வாய்ப்பு உண்டா? சிறிது மதிப்பெண்ணில் வாய்ப்பிழந்தவர்க்கு அவ்வோராண்டு, அயல்நாட்டின் ஆறாண்டுகளினும் மலிவு. ஆனால் ஓராண்டு என்பது மூன்றாண்டாக நீளாமல் எல்லை வகுத்துக்கொள்ளுதல் வேண்டும்.

ஐந்தாவது: மருத்துவர் என்னும் ஒரு பெயரைத் தவிர நோயாளிக்குத் தொண்டு செய்யும் வேறு வழி இல்லையா? செவிலியர் பட்டம், இயன்முறை மருத்துவம், மருந்தாளுநர் படிப்பு ஆகியனவும் மானமிக்க தொழில்களே. ஒரு வாயில் மூடியது என்பதற்காக உயிரையோ வாழ்வையோ முடித்துக்கொள்ளத்தக்க தேர்வு இவ்வுலகில் எதுவும் இல்லை. இதனைப் பெற்றோர் தம் பிள்ளையிடம், தேர்வு முடிவு வரும் முன்னரே, வாய்விட்டுக் கூறுங்கள்.

கழகத்தின் கடமை

இறுதியாகக் கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு மாமனோ சித்தப்பனோ மருத்துவராக இருப்பார். ஒரு தொலைபேசி அழைப்பில் உண்மை தெரிந்துவிடும். நம் பிள்ளைக்கு அத்தகைய மாமன் இல்லை. அந்த மாமனாகக் கழகம் நிற்க வேண்டும்.

மேல்நிலை முதலாண்டிலேயே மாணவரையும் பெற்றோரையும் ஒன்றாக அழைத்து, இவ்விதிகளை விளக்கும் கூட்டம் ஒன்றை ஆண்டுதோறும் நடத்துங்கள். வெளிநாட்டில் பயின்று வென்றவரையும், இன்னும் வெல்லாதவரையும், சித்த மருத்துவம் பயின்றவரையும் ஒரே மேடையில் அமர்த்திப் பேசச் செய்யுங்கள். வென்றவர் மட்டும் பேசினால் அது முகவரின் விளம்பரத்தைப் போன்றதே ஆகும். விண்ணப்ப நாள்களைச் சுவரொட்டியாக அச்சிட்டு ஒவ்வொரு காலனியின் நுழைவிலும் ஒட்டுங்கள். வெளிநாட்டுப் பட்டம் பெற்றுத் தகுதித் தேர்வுக்குப் படிப்போர் அமைதியாக அமர்ந்து படிக்கக் கழகக் கட்டடத்தில் ஓர் அறை ஒதுக்குங்கள். அவர்கள் தோற்றவர்கள் அல்லர்; பாதி வழியில் நிற்பவர்கள். அவர்களைக் கண்டால் "இன்னும் முடியவில்லையா?" என்று வினவும் வழக்கத்தை நாம் அனைவரும் விட்டொழிப்போம்.

பிறர் வகுத்த வழியில் நடக்குமாறு பணிக்கப்பட்டவர்கள் நம் முன்னோர். எவ்வழியில் செல்வது என்று அமர்ந்து எண்ணிப் பார்க்கும் நிலைக்கு நம் பிள்ளைகள் வந்துள்ளனர். அவ்வெண்ணம் அறியாமையாலோ, நாணத்தாலோ, பிறர் ஆசை காட்டுவதாலோ கெடாமல் காப்பதே கல்விக் கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியாகட்டும்.